முதலில் உட்கார்ந்தவர்

வக்கீல்கள் கழுத்தில் கட்டுகிற வெள்ளைப் பட்டை இருக்கிறதே, பார்ப்பதற்கு அது ஒரு துண்டுத் துணிதான். அதற்குக் கஞ்சி போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி. கஞ்சி நீர்த்துப்போனால் மத்தியானத்துக்குள் பட்டை நாய் நாக்கு மாதிரி தொங்கும். கெட்டியாகிப்போனால் ஓரம் கழுத்தை அறுக்கும். அந்தப் பதம் கைவந்தவள் அந்த வட்டாரத்திலேயே ஒருத்திதான், மூலைச் சலவைக்கடைக்காரி. "அக்கா தேய்ச்ச பட்டைய வெச்சு வெங்காயமே நறுக்கலாம்" என்று சின்ன வக்கீல் ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் எல்லாருக்கும் கஞ்சியக்கா ஆகிவிட்டாள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. படித்த பிள்ளைகள் வாய் நிறையக் கூப்பிடுகிறார்களே, அது போதாதா?

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஆனால் கதவு மட்டும் காலையிலேயே திறந்துவிடும். பெண் வக்கீல்கள் சிலர் கூடி, வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாத ஜனங்களுக்கு இலவசமாக யோசனை சொல்வது, தேவைப்பட்டால் வழக்கும் நடத்திக் கொடுப்பது என்று கிளம்பியிருந்தார்கள். மனசு இருந்தது, உட்கார இடம் இல்லை. பட்டை வாங்க வந்த பெரிய வக்கீலம்மா இதைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது, "என் கடை ஞாயித்துக்கிழமை ஈ ஓட்டிக்கிட்டுத்தானே கிடக்கு, வந்து உக்காருங்க மேடம்" என்று இவள் சட்டென்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய்க்காகக் கடையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவள் இல்லை அவள். தேய்க்கிற மேஜையின் மேல் சுத்தமான விரிப்புப் போடுவாள். டீ போடுவாள். வாசலில் நீள பெஞ்சைத் துடைத்து வைத்து, வருகிறவர்களை வந்த வரிசையில் உட்கார வைப்பாள். யார் முந்தி, யார் பிந்தி என்பதில் அவள் சொன்னதுதான் சட்டம். குடித்துவிட்டு வந்த ஒருத்தனை, "இங்க எல்லாரும் ஒரே சோப்புதான், வரிசைல உக்காரு" என்று அதட்டி உட்கார வைத்திருக்கிறாள். ஊருக்கு நல்லது செய்கிற நாலு பேரில் தானும் ஒருத்தி என்று அவளுக்கு ஒரு நிமிர்வு வந்திருந்தது. வந்தால் என்ன தப்பு? கடன் வாங்கின நிமிர்வா அது?

அந்த வரிசையில்தான் ஒரு நுணுக்கம் இருந்தது. பெரிய வக்கீலம்மா ஆரம்பத்திலேயே அதை அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

"ஒருத்தர் நம்மகிட்ட வந்து உக்காந்து மனசத் தொறந்துட்டா அவங்க நம்ம ஆளு. அதே தகராறுல எதிராளி வந்தா நாங்க காது குடுக்கக் கூடாது. என்கிட்ட சொன்னா என்ன, சின்னவகிட்ட சொன்னா என்ன, நாங்க எல்லாரும் ஒரே காதுதான். ரெண்டு பக்கத்து ரகசியமும் ஒரே காதுல விழக் கூடாது."

"அப்போ முதல்ல உக்காந்தவங்க பக்கம்தான் நாம?"

"அப்படியே வெச்சுக்கோங்க."

அதை அவள் அப்படியே வைத்துக்கொண்டாள். ஒரு தடவை பேக்கரியில் மாவு பிசைகிற பெண் ஒருத்தி வந்தாள். நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது, உதடு வீங்கியிருந்தது. கஞ்சியக்கா ஊர் பேர் விசாரித்தபோது, அவள் புருஷன் முந்தின மாதமே வந்து சின்ன வக்கீலிடம் பேசிவிட்டுப் போனது தெரிந்தது. வக்கீல்கள் உள்ளே வேறு ஒரு கிழவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே கஞ்சியக்கா கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள்.

"சட்டம் அப்படிம்மா. உன் வீட்டுக்காரர் முன்னாடியே வந்து உக்காந்துட்டாரு. நாங்க என்ன பண்றது?"

"அவரு எதுக்குங்க வந்தாரு? அடிச்சது அவருதானே?"

"அது எங்களுக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சுக்கவும் கூடாது. நீ வேற வக்கீலப் பாரு."

'நாங்க' என்றாள், கவனித்தீர்களா? உள்ளே போய் விஷயத்தைச் சொன்னதும் சின்ன வக்கீலின் முகம் சுண்டிப்போனது. பெரிய வக்கீலம்மா, "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீங்க சொன்னது சரிதான்" என்றார். அந்த 'சரிதான்' கஞ்சியக்காவுக்கு மெடல் குத்தின மாதிரி இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது புருஷனிடமும் மகளிடமும் அதையே விஸ்தாரமாகச் சொன்னாள்.

புருஷன் டெலிவரி வேன் ஓட்டுகிறவன். தெருவில் விசாரித்தால் சொக்கத் தங்கம் என்பார்கள். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது என்பார்கள். குரல் உயர்த்திப் பேசி ஒருத்தரும் கேட்டதில்லை. வீட்டுக்குள்ளும் அவன் குரல் உயராது, கைதான் உயரும். அதுவும் துணி மறைக்கிற இடமாகப் பார்த்து. சலவைக்காரி வீட்டில் கறைக்கா பஞ்சம்? ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான் போட வேண்டும், வெந்நீர் பட்டால் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் தொழிலில் படித்ததா, வீட்டில் படித்ததா என்று அவளுக்கே மறந்துவிட்டது.

"அப்படியா சட்டம்?" என்று அவன் மென்றுகொண்டே கேட்டான். "யாரு முந்திக்கிறாங்களோ அவங்களுக்குத்தானா? புருஷனா இருந்தாலுமா?"

"சட்டத்துக்குப் புருஷன் என்ன, பொண்டாட்டி என்ன?"

"பலே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டான். அவளும் எடுத்துக் கொடுத்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அது இதுதான்.

வக்கீல்களிடம் அவள் ஏன் தன் கதையைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லத்தான் நினைத்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், பெஞ்சு காலியானதும் சொல்லலாம் என்று இருப்பாள். பெஞ்சு காலியாகும்போது வக்கீல்கள் களைத்துப்போயிருப்பார்கள். சின்ன வக்கீல் மேஜையில் தலை சாய்த்து, "அக்கா, இன்னொரு டீ கிடைக்குமா?" என்பாள். பாவம், வாரம் முழுக்கக் கோர்ட்டில் நின்றுவிட்டு, சம்பளம் இல்லாத வேலைக்கு வருகிற பிள்ளை. நாம் வீட்டு மனுஷிதானே, நம்முடையது எங்கே ஓடிவிடப் போகிறது, வெளி ஆட்கள் முதலில் ஆகட்டும் என்று இவள் டீ போடப் போய்விடுவாள். வெட்கமும் இருந்தது. ஊரார் அழுக்கையெல்லாம் அலச இடம் கொடுத்தவள், தன் வீட்டு மூட்டையை எந்த முகத்தோடு அவிழ்ப்பாள்?

மழைக்காலம் வந்தது. சலவைக்கடைக்கு மழைக்காலம் என்றால் சனி பிடித்த காலம். துணி காயாது, காயாத துணியை இஸ்திரியாலேயே காய வைக்க வேண்டும், கடை முழுக்க ஆவியும் ஈர வாடையும். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரமாகி வந்தாள் என்று வேன்காரன் அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. அந்தக் கையில்தான் அவள் பிழைப்பே இருந்தது. மகள் அப்போது டியூஷனில் இருந்தாள். இவள் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் வந்து குழந்தையைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, காய்ச்சலில் இரண்டு மூன்று நாள் கிடந்து, அவள் திரும்பி வருவதற்குள் வீட்டில் வேறு பூட்டுத் தொங்கியது. ஜன்னலுக்குள்ளிருந்து மகளின் குரல் மட்டும் கேட்டது. "அம்மா, அப்பா தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

அடுத்த ஞாயிறு அவள் வழக்கம்போல் கடையைத் திறந்தாள். இடது கையால் விரிப்புப் போட்டாள், இடது கையால் டீ போட்டாள். "என்னக்கா கை?" என்று கேட்டதற்கு, "வழுக்கிடுச்சு, பெஞ்சு முடியட்டும் சொல்றேன்" என்றாள். அப்போதும் பாருங்கள், பெஞ்சு முடியட்டும் என்றுதான் அவளுக்குச் சொல்ல வந்தது. கடைசி ஆளும் போன பிறகு, அதே பெஞ்சைத் துடைத்து, தானே அதில் உட்கார்ந்தாள்.

சின்ன வக்கீல் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னக்கா, நீங்க போய் இங்க உக்காந்துக்கிட்டு?"

"நானும் வரிசைலதாம்மா வந்திருக்கேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. உள்ளே கூட்டிப்போய் மேஜைக்கு எதிரே உட்கார வைத்தாள் சின்ன வக்கீல். இவள் கையிலிருந்து ஆரம்பித்தாள். மணிக்கட்டு, வெள்ளிக்கிழமை, டியூஷன், பூட்டு. "டெலிவரி வேன் ஓட்டறாரு. வெளிய பாத்தா பசு மாதிரி இருப்பாரும்மா..."

சின்ன வக்கீலின் பேனா நின்றுவிட்டது.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்குப் புருவத்துக்கு மேல ஒரு தழும்பு இருக்கா?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

"உங்க பேரு என்னக்கா?"

சொன்னாள். எத்தனையோ வருஷமாக டீ போட்டுக் கொடுத்த கைக்குச் சொந்தக்காரியின் பேரைச் சின்ன வக்கீல் அன்றைக்குத்தான் அவள் வாயால் கேட்டாள். ஆனால் அந்தப் பேரை அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள், போன ஞாயிற்றுக்கிழமை, வேறு ஒரு வாயால்.

"போதும்க்கா. மேல சொல்லாதீங்க."

"ஏம்மா?"

"தயவுசெஞ்சு சொல்லாதீங்க. மேடம்! மேடம், கொஞ்சம் வாங்களேன்!"

பெரிய வக்கீலம்மா வந்தார். இருவரும் பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவே நின்று குசுகுசுவென்று பேசினார்கள். இவளுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. போன ஞாயிறு இவள் தங்கை வீட்டில் காய்ச்சலில் கிடந்தாள். பெரிய வக்கீலம்மாவிடம் இருந்த மாற்றுச் சாவியால் கடையைத் திறந்தார்கள். பெஞ்சில் ஆட்களை நிறுத்திப் பார்த்து அனுப்ப யாரும் இல்லை.

"வந்தானா?" என்று கேட்டாள்.

பெரிய வக்கீலம்மா எதிரே உட்கார்ந்தார். எப்போதும் நிமிர்ந்தே இருக்கிற தலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வந்தாரா இல்லையான்னுகூட நான் சொல்லக் கூடாது. இந்த வழக்கை நாங்க எடுக்க முடியாது. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"என்ன சொன்னான்?"

"அதையும் சொல்ல முடியாது."

"இந்தப் பொண்ணு அவனுக்கு என்ன சொல்லிக் குடுத்துச்சு?"

சின்ன வக்கீல் அழுதுகொண்டிருந்தாள். "நான் விலகிடறேன் மேடம். இந்தக் குழுவே வேண்டாம், தனியா நின்னு அக்காவுக்கு நடத்தறேன்."

"விலகினா காதுல விழுந்தது வெளிய வந்துடுமாடி? நீ எங்க போனாலும் இந்த வழக்குல நிக்க முடியாது." பிறகு இவள் பக்கம் திரும்பி, "இனிமே அந்தப் பக்கத்துக்கும் நாங்க நிக்க மாட்டோம். ரெண்டு பேருக்குமே இல்லை. அது நிச்சயம்" என்றார்.

கஞ்சியக்கா சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை அவர்கள் அவளிடம் பார்த்ததில்லை.

"அவனுக்கு நீங்க வேணும்னா மேடம் அவன் வந்தான்? எனக்கு நீங்க இருக்கக் கூடாதுன்னு வந்தான். காசு குடுத்து வக்கீல் வைக்க அவனுக்குத் தெரியாதா? ரெண்டு பேருக்கும் இல்லைங்கறீங்க. அவனுக்கு இல்லாததால என்ன குறைஞ்சுது? எனக்கு இருந்ததே நீங்க மட்டுந்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சு?"

"இதை மீறினா நாளைக்கு எந்தப் பொம்பளையும் எங்களை நம்பி வாயத் தொறக்க முடியாது. உங்க ரகசியத்தை இன்னொருத்தர்கிட்ட நாங்க சொல்லிட்டா நீங்க ஒத்துப்பீங்களா?"

கொடுமை என்னவென்றால், அந்த அம்மாள் பொய்யும் சொல்லவில்லை, வீம்பும் பிடிக்கவில்லை. சொன்னதெல்லாம் நியாயம். அந்த நியாயத்தைப் போய் என்ன செய்வது, கரைத்துக் குடிப்பதா?

"எனக்கு விளக்கம் சொல்ல வேண்டாம் மேடம். இந்தச் சட்டத்தத் தெரு முழுக்கச் சொன்னவ நான்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து டம்ளர்களைக் கழுவப் போனாள். ஒற்றைக் கையால் கழுவினாள். சின்ன வக்கீல் உதவிக்கு வந்தபோது, "விடும்மா, ஈரம் படும்" என்றாள்.

பெரிய வக்கீலம்மா தனக்குத் தெரிந்த இன்னொரு வக்கீலின் முகவரியைக் கொடுத்தார். ஊரின் அந்தக் கோடி. அந்த வக்கீலும் நல்லவர்தான். ஆனால் ஆயிரம் வழக்கு அவருக்கு. குடும்பக் கோர்ட்டு வராந்தாவில் இவளைப் பார்த்து, "நீங்கதானே அந்த ஜீவனாம்சம்?" என்றார். "இல்லீங்க, நான் குழந்தை" என்றாள் இவள். உள்ளே போனதும், படித்துப் பார்க்க அவகாசம் வேண்டும் என்று கேட்டார்.

வேன்காரன் பக்கத்து வக்கீல் அவகாசம் கேட்கவில்லை. மனுவைக் கணீரென்று வாசித்தார். தாய் குழந்தையை விட்டுவிட்டுச் சொல்லாமல் போய்விட்டாளாம். இரவுகளில் நேரம் கழித்து வருகிறவளாம். தேய்க்கிற சூட்டுக்கும் ஆவிக்கும் நடுவில் குழந்தையை வைத்திருந்தவளாம். இருக்கிற இடத்திலிருந்து குழந்தையை அசைக்கக் கூடாதாம். கடைசியில், "குழந்தை ஒண்ணும் சாமான் இல்லை, தூக்கித் தூக்கி இடம் மாத்தறதுக்கு" என்றார். அதைக் கேட்டதும் இவள் தலையைத் தூக்கினாள். அது சின்ன வக்கீலின் வாக்கியம். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அழுகிற தாய்மார்களுக்குத் தைரியமாக அவள் சொல்லுகிற வாக்கியம். இவள் டீ டம்ளரோடு நின்று எத்தனை தடவை கேட்டு மெச்சியிருக்கிறாள்! சொல்ல முடியாது சொல்ல முடியாது என்றார்களே, இதோ கோர்ட்டே சொல்லிவிட்டது.

அடுத்த வாய்தா வரைக்கும் குழந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார் நீதிபதி. நடுவில் தாய் போய்ப் பார்ப்பது பற்றியும் அப்போது பேசிக்கொள்ளலாம் என்றார்.

வராந்தாவில் மகள் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிச் சட்டை ஈரத்தோடு மடித்து வைத்த மாதிரி கசங்கிக் கிடந்தது. காலர் ஒரு பக்கம் மடிந்து ஒரு பக்கம் நிமிர்ந்திருந்தது. ஊருக்கெல்லாம் மடிப்புக் கலையாமல் உடுத்தி அனுப்புகிறவளின் பிள்ளை! இவள் குனிந்து, கட்டில்லாத கையின் கட்டைவிரலால் அந்தக் காலரை அழுத்தி அழுத்தி நீவினாள். அது படியவில்லை.

"அம்மா, நீ ஏன் சொல்லாம போனே?"

"வந்துட்டேனே கண்ணு."

"அன்னிக்கு வரலையே."

"பாப்பா, வா, நேரமாச்சு" என்றான் வேன்காரன், பூப்போல. குழந்தை அவனைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், பிறகு அவன் பின்னால் போனாள்.

அன்று அவள் நேராகத் தங்கை வீட்டுக்கும் போகவில்லை, கடைக்கும் போகவில்லை. பேக்கரியின் பின்வாசலில் போய் நின்றாள். மாவு பிசைகிற பெண் வெளியே வந்து, இவளை அடையாளம் தெரிந்துகொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"நீ அப்புறம் எந்த வக்கீலம்மாவப் பாத்தே? எனக்கும் சொல்லேன்."

"யாரையும் பாக்கலக்கா."

"பின்ன என்ன பண்ணே?"

"என்ன பண்றது? வீட்டுக்குத்தான் போனேன்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னாள். "நீங்களே இல்லைன்னுட்டீங்க. வேற யாரு ஆமாங்கப் போறாங்கன்னு திரும்பிட்டேன்."

கஞ்சியக்கா அவள் கையைப் பிடித்தாள். "தப்புப் பண்ணிட்டேன்மா" என்று சொல்ல வந்தது. ஆனால் என்ன தப்பு? சட்டம் அதுதான். பெரிய வக்கீலம்மாவே சரிதான் என்று சொன்னார். அதனால் பிடித்த கையை விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் பெரிய வக்கீலம்மா கடைக்கு வந்தார். பட்டை கொண்டு வரவில்லை. கடைப் படியில் தயங்கி நின்று, "நாங்க வேற இடம் பாத்துக்கறோம். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்" என்றார்.

"எதுக்கு மேடம்? நாலு பொம்பளைங்க நம்பி வருவாங்க. நீங்க பாட்டுக்கு வாங்க."

"என் மேல கோபம் இல்லையா?"

"இருக்கு" என்றாள். "ஏன் இல்லாம? அதுக்காகக் கடையப் பூட்டிட்டா அவனுக்கு அதுவும் லாபம்."

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. விரிப்புப் போட்டாள், டீக்குத் தண்ணீர் வைத்தாள். வக்கீல்கள் வந்து உள்ளே உட்கார்ந்தார்கள். சின்ன வக்கீல் இவள் முகத்தைப் பார்க்காமலே, இவளுடைய சொந்தப் பேரோடு அக்காவைச் சேர்த்துக் கூப்பிட்டு, "கை எப்படி இருக்கு?" என்றாள். அந்தப் பேரைக் கேட்கவே இவளுக்குப் பிடிக்கவில்லை. "பழைய பேரே இருக்கட்டும்மா" என்றாள்.

வாசலில் பெஞ்சில் ஒருத்தன் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தான். வெளுத்த சட்டை, வாரின தலை. இவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

"வக்கீலம்மாங்களப் பாக்கணுங்க. இலவசமாப் பாப்பாங்கன்னு சொன்னாங்க."

"என்ன விஷயம்?"

"குடும்ப விஷயந்தாங்க." குரல் தணிந்திருந்தது. கண்ணில் ஈரமும் இருந்தது.

"வீட்டுல அவங்க எங்க?"

"அவ... அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. குழந்தை என்கிட்டதான் இருக்கு."

இவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். நெற்றியில் தழும்பு இல்லை. கை மெலிந்த கை. அழுகை நிஜமா, நடிப்பா? அதைக் கண்டுபிடிக்கிற இஸ்திரி எதுவும் அவளிடம் இல்லை.

"இன்னிக்கு இல்ல. போயிட்டு வாங்க."

"உள்ள உக்காந்திருக்காங்களே?"

"இருக்காங்க. உங்களுக்கு இல்ல."

"அய்யோ, நாந்தாங்க முதல்ல வந்தேன்! விடியறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கேங்க."

"தெரியுது. அதனாலதான் சொல்றேன், போங்க."

அவன் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தான். எதிர்த்துப் பேசத் தெரியாதவனாகவோ, பேசினால் காரியம் கெடும் என்று தெரிந்தவனாகவோ இருந்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, சேறு படாமல் ஓரமாகப் பார்த்து நடந்துபோனான். முனை திரும்பும்போது புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"வெளிய யாரு முதல்ல?" என்று உள்ளேயிருந்து பெரிய வக்கீலம்மாவின் குரல் கேட்டது.

"யாரும் வரல மேடம். வந்தாச் சொல்றேன்."

அவன் நிஜமாகவே நல்லவனாக இருந்தால்? இருந்துவிட்டுப் போகட்டும். பேக்கரிக்காரியும் நல்லவள்தான். நானும் நல்லவள்தான். அவள் ஒற்றைக் கையால் பெஞ்சின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, அவன் பெண்டாட்டி வருகிறாளா என்று தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.